கொத்துச் சத்தம்

விடிந்து வெகுநேரம் ஆகியிருக்காது. சரக், சரக் என்று இரும்பு மண்ணைச் சுரண்டும். நடுவில் கல் தட்டுப்பட்டால் ணங்கென்று ஒரு ஓசை. கொஞ்சம் அமைதி. அந்தக் கல் வேலியோரம் போய் விழும். மறுபடியும் சரக், சரக். என் காலை இப்படித்தான் தொடங்குகிறது.

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே ஓர் ஊரில் மாடி அறையொன்றில் குடியிருக்கிறேன். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பொழக்கடை முழுதாகத் தெரியும். ஐந்து சென்ட் இருக்கலாம். இரண்டு தென்னை, ஒரு முருங்கை, தண்ணீர்த் தொட்டியோரம் வாழை, ஓர் அவரைப் பந்தல், கத்தரியும் மிளகாயும் தக்காளியும் வெண்டையும் மாறி மாறி வரும் ஏழெட்டுப் பாத்திகள். மூலையில் ஒரு வெள்ளாடும் அதன் இரண்டு குட்டிகளும். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. அவரிடம் நான் பேசியதில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் அவர் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அவர் களை எடுப்பதை ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குடிவந்த புதிதில், ஐப்பசி மழைக்கு முன்னால், அவர் ஒரு பாத்தியைக் கொத்திக் கிளறி எருப் போட்டுச் சமப்படுத்தினார். தண்ணீர் விட்டார். நாற்று நடுவார் என்று நினைத்தேன். நடவில்லை. மறுநாளும் தண்ணீர் விட்டார். வெறும் மண்ணுக்குத் தண்ணீர். நான்காம் நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஏழாம் நாள் பாத்தி முழுக்கப் பாசி படர்ந்ததுபோல் குருத்துக் களை. நாற்றுகளோ தொட்டியோரம் ஒரு சட்டியில் காத்துக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்றுகூட நினைத்தேன். எட்டாம் நாள் வெயில் ஏறியபின் களைக்கொத்தோடு வந்தார். ஆழமாகக் கொத்தவில்லை. அரை விரல் ஆழத்துக்கு, தோசையைத் திருப்புவதுபோல, மேல்மண்ணை மட்டும் சீவிக்கொண்டே போனார். மதியத்துக்குள் அத்தனை பச்சையும் வாடி நூலாகிவிட்டது. சாயங்காலம் நாற்று நட்டார்.

மேல்மண்ணில் முளைக்கக் காத்திருந்த விதைகளையெல்லாம் முதலில் முளைக்கவிட்டு, பயிர் வருவதற்கு முன்பே கணக்கை முடித்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆழக் கொத்தாததற்கும் காரணம் உண்டு. அடியில் தூங்கும் களைவிதைகள் பலவற்றுக்கு வெளிச்சம் பட்டால் போதும், விழித்துக்கொள்ளும். மண்ணைப் புரட்டுவது அவற்றை எழுப்பிவிடுவதற்குச் சமம். நாற்று வேர்பிடித்து இலை விரித்து, தன் நிழலைத் தானே தரையில் போட்டுக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம்தான் களையோடு உள்ள வழக்கெல்லாம். அதற்குப்பிறகு வரும் களையை அவரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

மழை பெய்த மறுநாள் அவர் கொத்தைத் தொடமாட்டார். வெறுங்கைதான். கோணிச்சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, செடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து, கொஞ்சம் ஆட்டி, நேராக மேலே இழுப்பார். ஈரமண் வேரை விட்டுக்கொடுத்துவிடும். நாயுருவியின் நீண்ட வேர்கூட முழுசாக வரும். வெடுக்கென்று இழுத்தால் தண்டு கையோடு வரும், வேர் உள்ளே நிற்கும், பத்து நாளில் நாலு கிளையோடு எழும். அவர் ஒருநாளும் வெடுக்கென்று இழுத்து நான் பார்த்ததில்லை. வேரில் ஒட்டிய மண்ணை முழங்காலில் தட்டி அந்த இடத்திலேயே உதிர்த்துவிட்டுத்தான் செடியை ஓரம் போடுவார். எருப் போட்டு வளர்த்த மண்ணாயிற்றே.

இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்து மேல்மண் பொடிந்தபின் கொத்து வெளியே வரும். அதுவும் வெயில் ஏறும் நேரம் பார்த்து. ஈரத்தில் கொத்தினால் வெட்டுப்பட்ட களை விழுந்த இடத்திலேயே மறுபடி வேர்விடும். அருகம்புல்லுக்குக் கணுவுக்குக் கணு வேர். பத்துத் துண்டாக வெட்டினால் பத்துப் புல். பருப்புக்கீரை இன்னும் பொல்லாதது. சதைப்பற்றான தண்டு; பிடுங்கிப் போட்டு நாலு நாள் கழித்து ஒரு தூறல் விழுந்தாலும் கிடந்த இடத்திலேயே ஊன்றிக்கொள்ளும். அதனால் அதை மட்டும் அவர் மண்ணில் போடுவதே இல்லை. நேராகப் போசிக்குள் போகும். அன்று மதியம் பருப்போடு வேகும்.

போசி என்று சொன்னேன் அல்லவா. களை எடுக்கப் போகும் ஒருவர் கையில் பாத்திரம் எதற்கு என்பது எனக்கு முதல் சில வாரம் விளங்கவில்லை. அவர் உட்கார்ந்ததும் இடப்பக்கம் அலுமினியப் போசி, வலப்பக்கம் ஒரு கூடை, பின்னால் வெறுந்தரை. பிடுங்கியது எது எங்கே போகிறது என்று கவனிக்கத் தொடங்கியபிறகுதான் எனக்கு இந்தப் பொழக்கடை மேலேயே கண் நின்றுவிட்டது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை போசிக்கு. இவற்றை யாரும் விதைப்பதில்லை. மழை பெய்தால் காட்டிலும் தோட்டத்திலும் தானாக வருபவை. கொங்குப் பக்கத்தில் மழை பெய்து இருபது நாளில் தொய்யக்கீரை கடையாத வீடு அந்தக் காலத்தில் இருந்திருக்காது. அருகும் மற்ற புல்லும் கூடைக்கு, கூடை ஆட்டுக்கு. பூவெடுத்த, விதை பிடித்த செடிகள் மட்டும் பின்னால். அவை வெயிலில் சருகாகிப் பிறகு அடுப்புக்குப் போகும், குப்பைக்குழிக்குப் போகாது. குழியில் நல்ல சூடு பிடிக்காவிட்டால் விதை சாகாமல் எருவோடு திரும்பத் தோட்டத்துக்கே வரும். ஆட்டின் வயிற்றுக்குள் போன விதையிலும் ஒரு பங்கு உயிரோடு வெளியே வந்துவிடும். அதனால்தான் அவர் ஆட்டுப் புழுக்கையை அள்ளி அப்படியே பாத்தியில் போடுவதில்லை. குழியில் குவித்து, ஈரம் காட்டி, இரண்டுமுறை புரட்டி, ஒரு வருஷம் ஆனபின்தான் எடுக்கிறார்.

பிடுங்காமலே விடுபவையும் உண்டு. தண்ணீர்த் தொட்டியோரம் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி. வேலியில் முடக்கத்தான். படிக்கல் பக்கம் குப்பைமேனி. தும்பை பூத்திருந்தால் தொடுவதில்லை. காலையில் அதில் தேனீ இருக்கும். மிளகாய்ப் பாத்திக்கு நடுவே ஒரு மணத்தக்காளி வந்திருந்தது. அதைச் சுற்றிலும் கொத்தினார், அதை விட்டுவிட்டார். களை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அவர் பேர் பேராகத் தெரிந்துவைத்திருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்டெரிக்கும் மருந்து இந்தத் தோட்டத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

மார்கழியில், அரைப்பரீட்சை லீவில், மகள் வீட்டுப் பேத்தி வந்திருந்தாள். எட்டு ஒன்பது வயதிருக்கும். இரண்டு நாள் ஆட்டுக்குட்டியோடு போனது. மூன்றாம் நாள் அவளும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த வேகத்தில் நாலு மிளகாய் நாற்றைப் பிடுங்கிவிட்டாள். நான் ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா திட்டவில்லை. பிடுங்கிய நாற்றுகளை வாங்கி, விரலால் குழி போட்டு, திரும்ப நட்டு, கை நிறையத் தண்ணீர் ஊற்றினார்.

“அமுச்சி, ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது. எது களை?”

“வெளிச்சத்துல புடிச்சுப் பாரு கண்ணு. பளபளன்னு இருந்தா மொளகா. இது பாரு, ஓரம் நெளிநெளியா, மொறமொறன்னு இருக்குதா? இது மணத்தக்காளி.”

“அப்ப இதப் புடுங்கீரட்டுமா?”

“அதையும் புடுங்காத. பழம் வேண்டாமா உனக்கு?”

லீவு முடிவதற்குள் அந்தப் பிள்ளை இரண்டிலைப் பருவத்திலேயே பத்துப் பன்னிரண்டு செடிகளுக்குப் பெயர் சொன்னாள். தக்காளிக் குருத்தைக் கசக்கி மோந்து பார்க்கக் கற்றுக்கொண்டாள். களை எடுப்பதில் உண்மையான படிப்பு இதுதான். ஓரடி வளர்ந்தபின் எவருக்கும் அடையாளம் தெரியும். அப்போது அது வேரை ஊன்றி, பக்கத்துச் செடியின் சோற்றில் பாதியைத் தின்று முடித்திருக்கும். நகத்தளவு இருக்கும்போதே தெரிந்துகொண்டால் விரல் நுனியால் தள்ளிவிட்டுப் போகலாம்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். திருப்பூரில் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். கையில் ஒரு தெளிப்பான், பையில் ஒரு பாட்டில். கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: பாத்திகளுக்கு நடுவில், வேலியோரத்தில் அடித்தால் போதும், பத்து நாளில் வேரோடு காய்ந்துவிடும்.

“ஏம்மா, முழங்கால் வலின்னு ராத்திரி பூரா தூங்கறதில்ல. காலைல எந்திரிச்சு இங்க குத்தவெச்சு உக்காந்துக்கற. இத அடிச்சுட்டா ஆறு மாசத்துக்குக் கவலையில்ல.”

அம்மா கொத்திக்கொண்டே இருந்தார். கொஞ்சநேரம் கழித்து, தலை நிமிராமல், “அப்புறம் கீரைக்கு நானு எங்க போறது சாமி?” என்றார்.

மகன் பதில் சொல்லவில்லை. மகன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் களை எடுப்பது பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்த வேலை. நாள் முழுக்கக் குனிந்தும் குத்துக்காலிட்டும் செய்கிற வேலை. வலிக்கிற இடுப்பையும் முழங்காலையும் யாரும் கூலியில் சேர்ப்பதில்லை. மரபு முறை, இயற்கை முறை என்று மேடையில் பேசும்போது அந்த முழங்காலையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று நான் நினைக்கிறேன். களைக்கொல்லி இவ்வளவு விற்பதற்கு, பிடுங்கக் கை கிடைக்காததும், கிடைத்த கைகள் ஓய்ந்துபோனதும் பெரிய காரணம்.

ஆனால் பாட்டிலில் இருப்பதும் சாதாரணச் சரக்கில்லை. எங்கும் விற்கும் கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு உரிமம் பெற்றவர்கள் வழியாக அல்லாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. மருந்து இலையில் பட்டு வேர்வரை இறங்கும். அதற்குத் தொய்யக்கீரையும் தெரியாது, மணத்தக்காளியும் தெரியாது. காற்று திரும்பினால் கத்தரியும் தெரியாது.

அன்று சாயங்காலம் மகன் தெளிப்பானைத் திண்ணையில் வைத்துவிட்டு மூங்கில் வெட்டப் போனார். இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கழியைச் சீவி, பழைய களைக்கொத்தின் குட்டைப் பிடியைக் கழற்றிவிட்டு அதில் பொருத்தினார். முதலில் ஆடியது, ஆப்பு அடித்து இறுக்கினார். அம்மா நின்றபடியே இழுத்துப் பார்த்தார். இரண்டு இழுப்புக்குப் பிறகு சிரித்ததை நான் பார்த்தேன். இப்போது பாத்திகளுக்கு நடுவே நின்றுதான் சீவுகிறார். செடிகளுக்கு நெருக்கத்தில் மட்டும் உட்காருகிறார். பாட்டில் மகனோடே திரும்பிப் போனது. தெளிப்பானில் இப்போது வேப்பங்கொட்டைக் கரைசல்.

எல்லாக் களையும் இப்படி அடங்குவதில்லை. கோரை அடங்குவதில்லை. அவரைப் பந்தலுக்குத் தெற்கே ஒரு பட்டை முழுக்கக் கோரை. 1977-இல் லீராய் ஹோம் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி எழுதிய நூலில் முதலிடம் இந்தக் கோரைக்குத்தான். மேலே பார்த்தால் பளபளப்பான மெல்லிய புல். இழுத்தால் சுலபமாக வரும். அதுதான் அதன் தந்திரம். தாள் வரும், கிழங்கு வராது. மண்ணுக்கடியில் கிழங்கும் கிழங்கும் நூலால் கோத்த மணிபோலத் தொடர்ந்து கிடக்கும். நுனிக்கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் அடங்கித் தூங்கும். கொத்தி அந்தத் தொடரை அறுத்துவிட்டால் தூங்கிய ஒவ்வொன்றும் தனியாக எழுந்துகொள்ளும். கோபத்தில் கொத்தக் கொத்தப் பெருகும் களை அது.

அம்மா மழைக்காலம் முழுக்க அதைத் தொடவில்லை. தாளை மட்டும் பண்ணரிவாளால் அறுத்து ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சித்திரை வரக் காத்திருந்தார். சித்திரையில், மண் பாளம் பாளமாக வெடித்திருந்தபோது, ஓர் ஆளை வைத்துக் கடப்பாரையால் நெம்பி, ஒரு சாணுக்கும் கீழே போய்க் கட்டிகளைப் புரட்டிப் போட்டார். உடைக்கவில்லை. கட்டிகள் அப்படியே வெயிலில் கிடந்தன. மூன்று நாள் கழித்துத் தானே தட்டி, கிழங்குகளைப் பொறுக்கிச் சிமெண்ட் தரையில் பரப்பினார். மறுபடி புரட்டல், மறுபடி காய்ச்சல். கோரைக்கிழங்கின் உயிர் அதன் ஈரத்தில் இருக்கிறது. கோடை வெயிலில் நாள்கணக்கில் காய்ந்து சுருங்கினால் பிறகு முளைக்காது. ஒரு மழை நடுவில் வந்திருந்தால் அத்தனையும் வீண். அந்தப் பதினைந்து நாளும் நானும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்ததில் நல்லதாக ஒரு முறம் எடுத்துத் தனியே வைத்தார். குளியல் பொடிக்கு அரைப்பார்களே, அந்த வாசனைக் கிழங்கு இதுதான்.

பிறகு அந்தப் பட்டையில் தட்டைப்பயறை நெருக்கி விதைத்து, ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி ஊன்றினார். கோரைக்கு நிழல் ஆகாது. தட்டைப்பயறு முழங்காலளவு எழுந்து தரையை மூடியது, வள்ளிக்கொடி மிச்சத்தை மூடியது. ஆடியில் எட்டிப் பார்த்தால் இலைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய கோரை. முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு வருஷமாவது இப்படியே தொடரவேண்டியிருக்கும். அவர் முகத்தில் அதற்கான அவசரம் எதுவும் இல்லை.

மற்ற இடங்களில் மூடாக்கு. தென்னோலை, சோளத்தட்டு, வாழைச்சருகு, எது கிடைக்கிறதோ அது, நாலு விரல் கனத்துக்கு. வெளிச்சம் தரையைத் தொடாவிட்டால் பாதிக் களை முளைப்பதே இல்லை. தண்ணீரும் மூன்று நாளுக்கொருமுறை விட்டால் போதுமானதாகிவிடும். செடியின் தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கையகலம் விட்டுவிடுவார். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், கரையான் ஏறும். கதிர் இருந்த தட்டையை மூடாக்குக்கு எடுக்கமாட்டார். விதையைத் தானே கொண்டுபோய்த் தூவுவதாகிவிடும். கல் பாவிய முற்றத்து இடுக்குகளில் முளைப்பதற்கு வேறு வைத்தியம்: மரவள்ளி வேகவைத்த கொதிநீரைச் சூடு ஆறுவதற்குள் அந்த இடுக்கில் ஊற்றுகிறார். யாரோ உப்புக் கரைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள்போல. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “உப்பப் போட்டா மண்ணுமில்ல செத்துப்போயிரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். சரியான கேள்வி. மண்ணில் இறங்கிய உப்பைத் திரும்ப எடுப்பது லேசான காரியமில்லை.

வேலிக்கு வெளியே இருக்கும் காலி மனை யாருடையதோ. அங்கே பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி; நம் நாட்டில் 1950-களில் புனேயில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இப்போது அது இல்லாத சாலையோரம் ஏது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். பலருக்குத் தோல் தடித்து அரிக்கும், மூச்சு இழுக்கும். அம்மா மழைக்கு மறுநாள் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, முகத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, வேலியைத் தாண்டிப் போவார். பூ வைப்பதற்கு முந்தைய செடிகளாகப் பார்த்து வேரோடு பிடுங்கி அங்கேயே குவிப்பார். தன் மனை இல்லையே என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. விதைக்கு வேலி தெரியாது. ஒருமுறை அந்த மனையருகே நடந்தபோது ஒரு செடியின் இலைகள் சல்லடையாகியிருந்ததைப் பார்த்தேன். வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகள் வளைந்து ஓடும் சின்ன வண்டுகள். பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-இல் பெங்களூரில் விட்ட வண்டின் வம்சம். மழைக்காலத்தில் மும்முரமாகத் தின்னும், வறட்சியில் மண்ணுக்குள் போய்விடும். அது தூங்கும் மாதங்களில் இந்த அம்மா மட்டும்.

நடுவில் பத்து நாள் கொத்துச் சத்தம் கேட்கவில்லை. வீடு பூட்டியிருந்தது; ஏதோ துக்கத்துக்குப் போயிருந்தார்கள். ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டியிருந்தார்கள். மழை வேறு. ஜன்னலைத் திறந்தால் பாத்திகளின் வரப்பே தெரியவில்லை. சாரணை மடமடவென்று பரவி வெண்டையின் இடுப்புவரை ஏறியிருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. இறங்கிப்போய் நாலு செடியாவது பிடுங்கலாமா என்று படிவரைக்கும் போனேன். எது போசிக்கு, எது கூடைக்கு, எது விடவேண்டியது என்பதெல்லாம் மேலேயிருந்து பார்த்தபோது தெரிந்ததுபோல் இருந்தது. கிட்டே போனால் கை நடுங்கியது. திரும்பி வந்துவிட்டேன்.

பதினோராம் நாள் காலை, சரக். அவர் புலம்பவில்லை. இடுப்பில் கைவைத்துத் தோட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கோணிச்சாக்கை விரித்து, வழக்கமாகத் தொடங்கும் அந்த வடகிழக்கு மூலையிலேயே உட்கார்ந்தார். கைக்கெட்டும் தூரம் முடிந்ததும் சாக்கை ஒரு முழம் நகர்த்தினார். மறுபடி உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் மூன்று பாத்திதான் முடிந்தது. போசி இரண்டுமுறை நிறைந்தது.

இருட்டியபின் கதவைத் திறந்தேன். படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியில் ஒரு கட்டுத் தொய்யக்கீரை தொங்கியது. இளந்தளிராகப் பார்த்துக் கிள்ளியது. ஈரம் இன்னும் போகவில்லை. ஜன்னலில் நான் நிற்பது அவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. கீழே எட்டிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது.

உள்ளே கொண்டுவந்து கட்டை அவிழ்த்தேன். நாரோ நூலோ இல்லை. கோரைத்தாள் இரண்டைச் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். தாளின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். மண்ணுக்கு மேலாக நறுக்கென்று அறுத்திருந்தது. கிழங்கு இல்லை.